யாழ்ப்பாணத்து மதுவிலக்கும் குடியனின் மீட்சியும்

தவறணை என்ற சொல் எவ்வாறு பிறந்தது என்று பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற தவணையில் என்னிடம் வினவினான். 'தவறு' என்பதன் அடியாகப் பிறந்திருக்க வேண்டும் என்பது அவனது துணிபு. தவறான காரியம் நடைபெறும் இடம், ஆதலின் தவறணை! வகுப்பு முழுவதும் சிரித்தது. ஒருவன் மாத்திரம் சிரிக்கவில்லை. அவனைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

மாணவனின் சொல்லாராய்ச்சி பிழையானது. அச்சொல் ஐரோப்பியரோடு கப்பலேறி வந்தது. கள் எமது மண்ணுக்குரிய பொருள்தான். அதியமான் சிறிதளவு கள் பெற்றபோதும் பெரிதளவு பெற்றபோதும் எவ்வாறு பகிர்ந்துகொண்டான் என்று ஔவையார் புறநானூற்றிலே நினைந்து அழுகிறார். ஆனால் அக்கள்ளை ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவந்து, விற்பனை உரிமையை ஏலத்தில் விட்டு, ஏலம் எடுத்தவனிடம் பணம் அறவிட்டு, அப்பணத்தால் ஓர் அரசாங்கத்தை நடத்துவது என்ற ஏற்பாடு அந்நியர் தந்தது. ஆகவே கள் பழையது, தவறணை புதியது. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் எமது மதுவிலக்கு வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை எங்கே வைத்தார் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். புலால் மறுத்தலும் கொல்லாமையும் அறத்துப்பாலில் துறவறவியலில் இடம்பெறுகின்றன. கள்ளுண்ணாமையோ பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையில், தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக நிற்கிறது. தனிமனிதனின் ஆன்மசுத்தி பற்றிய விடயமாக அன்றி, நாடும் குடியும் பொருளும் பற்றிய விடயமாகவே அவர் அதனைக் கண்டார் என்று கொள்வது பிழையாகாது. பிற்காலத்து யாழ்ப்பாணத்தார் அதனை மீண்டும் துறவறத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதே என் கட்சி.

1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் தம் நாட்டில் அப்போது மூண்டெழுந்துகொண்டிருந்த மதுவொழிப்பு உணர்ச்சியையும் உடன் கொணர்ந்தனர். 1826இல் பொஸ்ரன் நகரில் அமெரிக்க மதுவொழிப்புச் சங்கம் தோன்றியது. அதன் அலை அத்திலாந்திக்கைக் கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, வட்டுக்கோட்டைக்கும் தெல்லிப்பழைக்கும் வந்து சேர அதிக காலம் செல்லவில்லை. மறுபுறத்தில் ஆறுமுக நாவலர் பாலபாடம் நான்காம் புத்தகத்தில் கொலை, புலாலுண்ணல், களவு முதலிய பாதகங்களோடு கள்ளுண்ணலையும் நிரைப்படுத்தினார். ஏனைய எல்லாவற்றிலும் வாளெடுத்து நின்ற சைவமும் கிறித்தவமும் ஒரே அணியில் நின்ற விடயம் இது ஒன்றேயாகும். இரு சாராரும் குடியைப் பாவம் என்றனர். ஆதலின் குடிப்பவன் பாவி ஆனான். பாவிக்கு உரியது மனந்திரும்புதல். அது கைகூடாதவனுக்கு உரியது ஒதுக்கம். நோயாளி என்ற மூன்றாவது பெயர் அப்போது எவருக்கும் தோன்றவில்லை. தோன்றாமைக்கு அவர்களைக் குறை கூறவும் முடியாது. அமெரிக்க மருத்துவச் சங்கமே 1956இல்தான் மதுவடிமைத்தனத்தை மருத்துவத்துக்குரிய நோய் என ஏற்றது.

இனி அரசியலுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசாங்கம் சாராயக் குத்தகையை வருமானத்தின் முக்கிய ஊற்றுகளுள் ஒன்றாக வைத்திருந்தது. குத்தகை எடுத்த சுதேசிகள் பெருஞ் செல்வராயினர். பிற்காலத்தில் கொழும்பின் கனவான்களாகவும் கொடையாளிகளாகவும் விளங்கிய சில குடும்பங்களின் முதல் மூலதனம் சாராயத்தில் திரண்டது என்பதைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக எழுதியிருக்கிறார். இப்பின்னணியிலேதான் 1904ஆம் ஆண்டளவில் சிங்களக் கிராமங்களில் மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் வேறு பிரித்து, கள்ளுக்கெனப் புதிய தவறணைகளை ஊர்தோறும் திறக்க வழி செய்தபோது அவ்வியக்கம் இரண்டாம் முறை பொங்கியது. அநகாரிக தர்மபால, எப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க, டி.பீ. ஜயதிலக்க ஆகியோர் மேடையேறினர். அரசியற் கூட்டம் கூட்ட அஞ்சிய மத்தியதர வர்க்கம் மதுவொழிப்புக் கூட்டம் கூட்டித் தன் தேசிய உணர்ச்சியை வெளியிட்டது. அரசாங்கமும் அதனை உணர்ந்தே இருந்தது. 1915இல் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் மூண்டபோது மதுவொழிப்புத் தலைவர்களே முதலிற் சிறைப்பட்டனர். அவர்களுக்காகச் சட்டநிரூபணசபையிற் குரலெழுப்பியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அச்சிறைவாசம் அவர்களைத் தேசியத் தலைவர்களாக்கியது. ஆனால் அதே இயக்க மேடைகளிற் சிலவற்றில் 'அந்நிய' வணிகருக்கு எதிரான நச்சுப் பேச்சும் கலந்திருந்தது என்பதை நாம் மறைத்தல் கூடாது. ஒரு நல்ல நோக்கத்தின் தோளில் ஏறிக்கொண்டு தீய சரக்கு பயணம் செய்வது வரலாற்றில் இதுவே முதல் தடவையும் அன்று, இறுதித் தடவையும் அன்று.

யாழ்ப்பாணத்தில் இவ்வியக்கம் வேறு உருவெடுத்தது. மதுவரி விதிகளில் 'உள்ளூர் விருப்பத் தேர்வு' என ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு பகுதியில் வாழ்வோர் விண்ணப்பம் செய்து, வாக்கெடுப்பு நிகழ்த்தி, விதிக்கப்பட்ட விகிதத்தினர் எதிர்த்து வாக்களித்தால் அவ்விடத்துத் தவறணை மூடப்படும். இலங்கையின் வேறெந்தப் பகுதியினரையும் விட யாழ்ப்பாணத்தார் இவ்விதியை ஆர்வத்தோடு கையாண்டனர் எனலாம். 1920களில் பாதிரிமாரும் சைவப் பெரியாரும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் ஒன்றுகூடி ஊரூராகப் பிரசாரம் செய்தனர். தவறணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாக்கினால் மூடப்பட்டன. 1931இல் சர்வசன வாக்குரிமை வருவதற்கு முன்னமே, ஒரு பொது விடயத்தை ஊர் மக்கள் வாக்கினால் தீர்மானிப்பது என்ற பழக்கம் இந்தப் பிரசாரத்தின் வழியாகவும் எம்மவர்க்கு ஏற்பட்டது. இதன் சிறப்பை நான் குறைத்துரைக்க விரும்பவில்லை.

1927ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் இங்கு வந்தார். கதர், தீண்டாமை, மது ஆகிய மூன்றையும் பற்றிப் பேசினார். அக்காங்கிரஸின் உயிர்நாடியாக விளங்கிய ஹன்டி பேரின்பநாயகம் பின்னர் எமது கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பல்லாண்டு பணிபுரிந்தவர். அவருடைய கால்தடம் பட்ட ஊரில் நின்று இதனை எழுதுவதால் ஒரு வினாவை அடக்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காந்தியடிகள் தொட்ட மூன்று விடயங்களில் யாழ்ப்பாணத்து மேன்மக்கள் மதுவை மாத்திரம் ஏன் அத்துணை விருப்போடு பற்றிக்கொண்டனர்?

விடை அதே ஆண்டுகளில் எழுதப்பட்டிருக்கிறது. 1929இல் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமர வேண்டும் என்ற பணிப்பு வந்தது. நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகள் வாங்கில் ஏறினர். அதைப் பொறுக்காதோர் சில பாடசாலைகளைத் தீயிட்டனர். தவறணையை மூட வாக்களித்த கைகளும் பாடசாலைக்குத் தீயிட்ட கைகளும் ஒன்றே என்று நான் கூறவில்லை. வாலிப காங்கிரஸார் சம ஆசனத்துக்காகவும் உழைத்தவர்களே. ஆயினும் ஊர் என்ற அளவில் நோக்கினால் தவறணையை மூடுவது எளிதாகவும் வாங்கைப் பகிர்வது அரிதாகவும் இருந்தது. தவறணையை மூடுவதால் மேற்சாதியினன் இழப்பது எதுவுமில்லை. இழப்பவன் பனையில் ஏறுபவன்.

பனையில் ஏறுபவனைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். எமது மதுவிலக்கு உரைகளில் அவன் ஒரு நிழலாகக்கூட வருவதில்லை. வைகறையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அவன் மரத்துக்கு மரம் ஏறியிறங்குகிறான். தளைநார் காலில், பாளைக்கத்தி இடையில், முட்டி தோளில். பாளையைத் தட்டி, நுனியைச் சீவி, முட்டியைக் கட்டி, மறுபடி வந்து இறக்குகிறான். தவறி வீழ்ந்தால் மரணம் அல்லது முடம். மரம் அவனுடையதன்று. நிலமும் அன்று. நிலக்காரனுக்கு மரக்கூலி கொடுத்தே அவன் சீவ வேண்டும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் பதநீர் புளிக்காது, அது கருப்பநீர். பூசாது விட்டால் காற்றில் உள்ள நொதிகள் சில மணித்தியாலங்களிலேயே அதனைக் கள்ளாக்கிவிடும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே உழைப்பு. கள்ளுக்கும் பனங்கட்டிக்கும் இடையில் உள்ள வேறுபாடு ஒரு பிடி சுண்ணாம்பே! ஆனால் கருப்பநீரைக் காய்ச்ச விறகு வேண்டும், வீட்டுப் பெண்களின் பகலெல்லாம் வேண்டும், பனங்கட்டியை வாங்கச் சந்தை வேண்டும். கள்ளுக்கோ மரத்தடியிலேயே காசு. சுண்ணாம்பு பூசு என்று அவனுக்கு உபதேசித்த பெரியார்கள் விறகுக்கும் சந்தைக்கும் வழி சொல்லவில்லை.

தவறணைகள் இல்லாத குடாநாட்டில் மரவரி முறை நிலைத்தது. சீவும் மரத்துக்கு வரி செலுத்தி அனுமதி பெற்ற தொழிலாளி, அங்கேயே கள்ளை விற்கலாம். இதனால் நேர்ந்ததென்ன? தவறணை போயிற்று, குடி போகவில்லை. முன்னர் தெருவில் இருந்த குடி, சீவல் தொழிலாளியின் குடிசை முற்றத்துக்குப் பெயர்ந்தது. அவனது மனைவியும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்கே பகலில் அவனைத் தொடமாட்டாத கனவான்கள் மாலையிற் சென்று பிளாவை நீட்டினர். குடிகாரரின் வசைமொழியைக் கேட்டுக்கொண்டே அப்பிள்ளைகள் வளர்ந்தனர். ஏதாவது பிசகினால் மதுவரி உத்தியோகத்தர் பிடித்துச் செல்வது விற்றவனை, குடித்தவரை அன்று. ஒரு சீர்திருத்தம் யார் வீட்டு வாசலில் சென்று முடிகிறது என்று பாராமல் அதனை மெச்சுதல் தகாது.

1970களின் தொடக்கத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டபோது தவறணை மீண்டும் வந்தது. இம்முறை அதன் உரிமையாளர் சீவல் தொழிலாளரே. கள்ளுக்கு நிர்ணயித்த விலை, கணக்கு, சேமிப்பு, வீட்டு முற்றம் குடியிலிருந்து விடுதலை ஆகிய யாவும் அவர்களுக்குக் கிடைத்தன. தலைமுறைகளாக ஒடுக்கப்பட்ட ஒரு தொழிலாளர் கூட்டம் நிமிர்ந்து நின்ற நாட்கள் அவை. முற்போக்கு எண்ணமுடைய எவரும் அதனை வரவேற்காது இருக்க முடியாது. அதே வேளையில், அத்தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றின் வருமானம் அத்தவறணை வாசலிலேயே திரும்பவும் கரைந்தது என்பதையும் அவர்களுடைய பெண்கள் அறிவார்கள். சீவுபவனின் விடுதலையும் குடிப்பவனின் மீட்சியும் ஒன்றோடொன்று மோதும் இந்த இடத்தைச் சுலோகத்தால் கடக்க முடியாது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டபோது புளிக்காத பண்டங்களின் வழியே இம்முடிச்சு அவிழும் என்று பலர் நம்பினர். அடுத்து வந்த ஆண்டுகளில் யுத்தம் பனைகளையே தறித்துவிட்டது.

இப்போது குடிப்பவனிடம் வருகிறேன். நூறாண்டு மதுவொழிப்பு முயற்சியில் அவனை நோக்கிக் கூறப்பட்டது ஒரே சொல்தான்: நிறுத்து. நிறுத்தினால் என்ன நேரும் என்று எவரும் கூறவில்லை. பல்லாண்டு நாள்தோறும் மிகையாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. இரண்டாம் நாளளவில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்கள் கழிந்ததும் சிலருக்குப் புத்தி பேதலித்து இல்லாத உருவங்கள் தோன்றும். வைத்திய உதவி இல்லாவிடில் உயிரும் போகலாம். கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவன் மூன்றாம் நாள் மீண்டும் தவறணைக்கு ஓடுவது வெறும் மனவுறுதியின்மையால் மாத்திரம் அன்று. அவனது நரம்புகள் அவனை இழுக்கின்றன. ஊரோ அவனைச் சத்தியம் தவறியவன் என்று இரண்டாம் முறையும் ஒதுக்குகிறது. (இந்தச் சத்தியங்களில் ஒன்றுக்கு நானே சாட்சியாக நின்றிருக்கிறேன். அறியாமை எனக்கும் இருந்தது.)

சத்தியத்தின் எல்லையை அமெரிக்கர் எமக்கு முன்னரே அனுபவித்து அறிந்தனர். 1840இல் பல்ரிமோர் நகரத்துத் தவறணை ஒன்றில் குடித்துக்கொண்டிருந்த ஆறு பேர் தாமே கூடிக் குடியை விடுவதென உறுதி பூண்டனர். பாதிரியும் கனவானும் அதில் இல்லை. குடித்தவன் குடிப்பவனிடம் தன் கதையைச் சொல்லி அழைப்பதே அவர்களின் முறை. வாஷிங்டனியர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட இவ்வியக்கம் காட்டுத்தீயெனப் பரவி, சில ஆண்டுகளிலேயே அவிந்தது. கையொப்பம் இட்டவனை மறுநாளும் மறுமாதமும் சந்திப்பதற்கு அவர்களிடம் நிலையான ஏற்பாடு இருக்கவில்லை. 1935இல் ஒஹாயோ மாநிலத்து அக்ரனில் ஒரு பங்குத் தரகரும் ஒரு வைத்தியரும் சந்தித்து, மதுவடிமைகளின் தோழமைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அவர்கள் செய்த புதுமை மிக எளியது. வாழ்நாள் சத்தியத்தைக் கைவிட்டு, இன்றைய ஒரு நாளைக்கு மாத்திரம் குடியாதிருப்பது என்றனர்; நாளையும் வந்து அமர ஒரு நாற்காலியை வைத்தனர்.

தமிழகத்து வரலாறும் எமக்குப் பாடம் தருவதே. 1921இல் பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கினர். இராஜாஜி திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். இளைஞராக இருந்த கல்கி அதில் அவருக்குத் துணையாயிருந்தார். 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி புகுத்தப்பட்டது. பின்னர் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் விரிந்தது. 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, 1981இல் மீண்டும் போயிற்று. 2003 முதல் அரசாங்க நிறுவனமே சில்லறை விற்பனையையும் ஏற்று நடத்துகிறது. மதுவைத் தடுக்கவென வந்த விற்பனை வரியோ போகவில்லை! சட்டம் திறப்பதும் மூடுவதுமாக இருந்த இந்த நீண்ட காலத்தில் குடியனின் வீட்டுக்குள் சென்றவர் மிகச் சிலர்.

அச்சிலருள் ஒருவர் சாந்தி ரங்கநாதன். குடியினால் கணவரை இழந்த அவர் 1980இல் சென்னையில் மதுவடிமைகளுக்கான சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாத ஏழைகளுக்காகத் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடிக் கிராமத்தில் அந்நிலையத்தார் முகாம்கள் நடத்தினர். எம் போன்றோர் மிகவும் கவனிக்க வேண்டியது இம்முகாம்களையே. ஊரில் ஏற்கனவே மதிப்புப் பெற்ற ஓர் அமைப்பு இடத்தையும் உணவையும் ஏற்கிறது. சிகிச்சைக்கு வரவேண்டியவர்களை அவ்வூரார் இனங்காண்கின்றனர். வைத்தியரும் ஆலோசகரும் ஏறத்தாழப் பதினைந்து நாட்கள் அங்கேயே தங்குகின்றனர். குடிப்பவனோடு அவன் குடும்பமும் வருகிறது. முகாம் கலைந்த பின்னரும் மாதந்தோறும் தொடர்பு நீடிக்கிறது. முன்னர் மீண்டவன் புதிதாய் வருபவனுக்குத் துணை நிற்கிறான். பொதுப்பணி என்ற பெயரில் நாம் கோயில் திருவிழாவுக்குச் செய்யும் அத்தனை ஏற்பாடுகளும் இதற்குப் போதுமானவை என்பது வியப்பைத் தருகிறது. பந்தல், அடுப்பு, தண்ணீர், ஊரில் நாலு பேர்.

ஆந்திர தேசத்து நெல்லூர் மாவட்டத்தில் நடந்ததை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நலம். 1990களின் தொடக்கத்தில் அங்கு அறிவொளி இயக்கம் நடைபெற்றது. இரவு வகுப்புக்கு வந்த கூலிப் பெண்கள் எழுத்துக்கூட்டிப் படித்த பாடநூலில், பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக்கடையை மூடிய கதை ஒன்று இருந்தது. தூபகுண்டா என்ற சிற்றூரின் பெண்கள் அக்கதையைப் படித்து முடித்துவிட்டு எழுந்து சென்று தங்கள் ஊர்ச் சாராயக்கடையை மூடுவித்தனர். அது ஊர் ஊராகப் பரவியது. 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் வருமானக் கணக்கைக் காட்டி அது கைவிடப்பட்டது. சட்டம் மறைந்தாலும் ஒரு பாடப்புத்தகம் செய்த காரியம் மறையவில்லை. பாடநூல் எழுதுவோர் இதனை நினைவில் வைத்திருப்பார்களாக.

வாசிப்பைப் பற்றிக் கூறும்போது எங்களூர் நினைவுக்கு வருகிறது. கொக்குவில் ஒரு காலத்தில் சுருட்டுக்குப் பேர்போன ஊர். வாடிய புகையிலையின் நெடி எமது ஒழுங்கைகளின் இயல்பான மணமாக இருந்தது. சுருட்டுக் கொட்டிலில் வரிசையாக அமர்ந்து தொழிலாளர் சுருட்டுச் சுற்ற, ஒருவர் உரத்த குரலிற் பத்திரிகையோ நாவலோ வாசிப்பார். உலக யுத்தமும் சோவியத் நாடும் தொழிற்சங்கமும் அவ்வாறே அவர்களின் செவிக்கு எட்டின. அந்தக் கொட்டில்கள் எங்களூரின் முதற் பல்கலைக்கழகங்கள் என்று நான் மாணவரிடம் கூறுவதுண்டு. ஆனால் அப்பல்கலைக்கழகத்தின் மூலப்பொருளும் ஒரு போதைப்பொருளே. எமது பாட்டன்மாரின் கல்வியும் கல்வீடுகளும் புகையிலையால் வந்தவை. மதுவைப் பழித்து உரையாற்றிய பெரியார் பலர் உரை முடிந்ததும் மடியிலிருந்து சுருட்டை எடுத்தனர். ஆகவே போதை என்பது ஒடுக்கப்பட்டோரின் சேரியில் மாத்திரம் விளைவது என்று எவரும் எங்களூரில் நின்று பேசலாகாது.

யுத்தம் எல்லாவற்றையும் மாற்றியது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்தில் வன்னியில் எல்லாம் முடிந்தது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இக்காலத்தின் வடுக்களை ஆராய்ந்தபோது, தனிமனிதரின் துன்பத்தோடு சமுதாயம் முழுவதற்கும் நேர்ந்த ஊறு ஒன்றையும் இனங்கண்டார். ஒருவரை ஒருவர் நம்பாமை, கூட்டுவாழ்வின் சிதைவு, குடியின் பெருக்கம் ஆகியன ஒரே நோயின் அறிகுறிகள் என்பது அவர் எழுத்திலிருந்து நாம் பெறும் தெளிவு. சமுதாயத்துக்கு நேர்ந்த நோயைச் சமுதாயமே ஆற்ற வேண்டும் என்பது அதன் தருக்கமான முடிபு. அண்மை ஆண்டுகளில் கள்ளையும் சாராயத்தையும் கசிப்பையும் தாண்டி ஹெரோயினும் 'ஐஸ்' எனப்படும் படிகப் போதையும் எமது இளைஞரிடம் வந்துவிட்டன. பாடசாலை மதில்களும் அவற்றைத் தடுக்கவில்லை.

அரசின் மறுமொழி யாது? 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப வழிசெய்கிறது. பொலன்னறுவைப் பகுதியின் கந்தகாட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூன் இறுதியில் மோதல் மூண்டு, ஒருவர் இறந்து, பல நூற்றுவர் வேலியைத் தாண்டி ஓடினர். படைவீரரின் காவலில் வைக்கப்பட்டவர் மீண்டாரா, அஞ்சினாரா என்பதை அந்த ஓட்டமே கூறுகிறது. நோயாளி வைத்தியசாலையிலிருந்து கூட்டமாக ஓடுவதை நாம் கேள்விப்பட்டதுண்டா? மேலும், மீட்சி என்பது வேலிக்குள் முடிவதன்று. அவன் வெளியே வந்த முதல் மாலையில்தான் அது தொடங்குகிறது. அந்த மாலையில் அவன் எங்கே போவான்? வேலை முடிந்த ஆண்கள் கூடும் இடம் ஊரில் எது?

யாழ்ப்பாணத்தாரிடம் இதற்கு ஒரு மறுமொழி உண்டு. எமது ஊர்களில் சந்திக்குச் சந்தி சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. வேறெங்கும் காண அரிய நிறுவனம் அது. ஊராரே காணி கொடுத்து, கல் அரிந்து, பத்திரிகை போட்டு நடத்துகின்றனர். 1930களில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையிலேயே ஒரு வைத்தியசாலையைக் கட்டியெழுப்பினர் என்றால், ஊர்ச் சங்கங்களின் ஆற்றலைப் பற்றி நாம் ஐயுற வேண்டியதில்லை. மாதர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், பாடசாலை, அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவு ஆகிய நான்கும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வது நடவாத காரியம் அன்று. ஆனால் அந்த மேசையில் சீவல் தொழிலாளியும், குடித்து மீண்டவனும், அவன் மனைவியும் சமமாக அமர வேண்டும். முன்னைய மதுவொழிப்புச் சபைகளில் அவர்களுக்கு நாற்காலி இருக்கவில்லை.

சிரிக்காத மாணவனைப் பற்றிக் கூறுவதாகச் சொன்னேன். அவனுடைய தகப்பனார் மேசன் வேலை செய்பவர். அவன் பாடசாலைக்கு வராத நாட்களை என் இடாப்பு காட்டியது; காரணத்தை ஒரு மாலை அவன் வீட்டுத் திண்ணை காட்டியது. அம்மா பேசவில்லை. பிறகு, "சேர், அவர் கெட்ட மனுசன் இல்லை" என்று மட்டும் சொன்னார். மேசனோடு வேலை செய்யும் ஒருவர், தாமும் முன்னர் குடித்தவர், அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். பதினெட்டு நாட்கள். திரும்பி வந்த அன்று அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தெரு முழுவதும் தம்மைப் பார்க்கும் என்று அஞ்சினார்.

எமது சனசமூக நிலையத்தின் செயலாளர் ஒரு தந்திரம் செய்தார். வாசிகசாலையின் பின்சுவர் நெடுங்காலம் வெடித்துக் கிடந்தது. அதனைப் பூசித் தரும்படி மேசனிடம் ஆள் அனுப்பினார், கூலியும் பேசினார். ஆனால் வேலை நேரம் மாலை ஐந்தரை முதல் எட்டு வரை என்று விதித்தார். பகலில் வாசகருக்கு இடைஞ்சலாம்! அவர் தனியே பூசக்கூடாது என்று நாலு பேர் சாந்து குழைக்கவும் விளக்குப் பிடிக்கவும் போனோம். எனக்குச் சாந்து குழைக்கத் தெரியாது என்பதை அவர் முதல் நாளே கண்டுபிடித்தார்; பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. மூன்று நாள் வேலை ஐந்து கிழமை நடந்தது.

இடையில் ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. எங்கே போயிருப்பார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. திங்கட்கிழமை வந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. செயலாளர் கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இப்போது முன்சுவரும் பழுதாகிவிட்டது என்று நிருவாக சபை தீர்மானித்திருக்கிறது. மகன் மாலைகளில் அங்கேயே மேசையில் இருந்து படிக்கிறான். போன கிழமை அவன் என்னிடம் வந்து, வாஷிங்டனியர் ஆறு பேரின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றனவா என்று கேட்டான். தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.